தங்கத்தை விட்டுச் சென்ற திருடன்

அன்செல் டோர்விக் விதித்த நிபந்தனை ஒன்றுதான். நாங்கள் துப்பறிய வந்திருக்கிறோம் என்று அவருடைய தங்கச் சுரங்கத்தில் யாருக்கும் தெரியக்கூடாது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு வேனில் வரும் சுற்றுலாக்காரர்களோடு நாங்களும் கலந்துகொள்ள வேண்டும்.

அதனால் நான் தலையில் அகலத் தொப்பியும் கழுத்தில் பைனாகுலருமாக, சஸ்காட்செவனிலிருந்து வந்திருந்த எட்டு ஓய்வூதியக்காரர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். வில்மா ஹார்க் எந்த வேஷமும் போடவில்லை. வடகோடி ஊரான டாசனின் தபால் நிலையத்தில் இருபத்தாறு வருஷம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவர். ஊரில் இருப்பது ஆயிரத்து ஐந்நூறு பேர். அத்தனை பேருடைய கையெழுத்தும் அவருக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற மறுவாரமே துப்பறிய ஆரம்பித்துவிட்டார். நான் ரோலி ப்ரூவெட். அவருக்கு வண்டி ஓட்டுகிறேன், கூடவே வாயையும் ஓட்டுகிறேன். இரண்டாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது.

மார்ட்டன் ஓடையின் கரையில் புல்டோசரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள் நோரீன் டைட்டஸ். முப்பத்துநாலு வயது. ஒன்பது கோடைக்காலமாக அன்செலிடம் மண் தள்ளுகிறாள். சனிக்கிழமைகளில் பார்வையாளர்களைச் சுற்றிக் காட்டுவதும் அவள்தான். எங்களைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"வாங்க வில்மாம்மா. என் பார்சல் எல்லாத்தையும் பத்து வருஷமா நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க. இன்னிக்கு டூரிஸ்ட்டா வந்திருக்கீங்களாக்கும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ரோலி, பைனாகுலரைத் தலைகீழா மாட்டியிருக்க."

வேஷம் கலைந்துவிட்டது. பைனாகுலரைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

நோரீன் வழக்கம்போலவே சுற்றிக் காட்டினாள். உறைந்து கிடக்கும் கறுப்பு மண்கரையைக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி உருக்கும் இடம், அடியில் இருக்கும் சரளையை அள்ளிக் கொட்டும் இடம், அந்தச் சரளையைத் தண்ணீரோடு ஓடவிட்டு அலசும் நீளமான இரும்புப் பெட்டி. பெட்டியின் அடியில் விரித்த முரட்டு ஜமுக்காளத்தில் தங்கம் கனத்தால் தங்கிவிடும், கல் ஓடிவிடும். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். ஆனால் அவள் சொல்வதில் வழக்கமாக இருக்கும் கிண்டல் அன்றைக்கு இல்லை.

எல்லாருக்கும் ஆளுக்கொரு தட்டு கொடுத்து ஓடையோரம் உட்காரவைத்தாள். என் தட்டில் ஈயின் கால் அளவுக்கு ஒரு மினுக்கல் தெரிந்தது.

"வில்மாம்மா, பணக்காரன் ஆயிட்டேன்" என்றேன்.

"மூச்சு விடாத. பறந்துடும்" என்றார் வில்மா. பிறகு நோரீனைத் தள்ளி நிறுத்தி, குரலைத் தாழ்த்தாமலே கேட்டார். "சொல்லு. என்ன ஆச்சு?"

"முதல்ல அந்தக் குட்டியைப் பத்திச் சொல்லிடறேன்" என்றாள் நோரீன். "செவ்வாய்க்கிழமை கரையை உருக்கிக்கிட்டிருந்தேன். மண்ணுக்குள்ளேருந்து ஒரு காது நீட்டிக்கிட்டிருந்துச்சு. தண்ணியை நிறுத்திட்டு ஓடிப் போய்ப் பார்த்தா, நரிக்குட்டி. முடியோட, மீசையோட. எத்தனை ஆயிரம் வருஷமோ. அப்படியே உறைஞ்ச மண்ணோட சேர்த்து ஒரு கட்டியா வெட்டி எடுத்தோம். மூக்கு மட்டும் வெளிய தெரியும். வெள்ளைக்குதிரை ஊருக்குப் போன் போட்டோம். அங்க பழைய மிருகங்களை ஆராயற டாக்டர் லிம் இன்னிக்கு மூணு மணி விமானத்துல எடுத்துக்கிட்டுப் போக வராங்க."

வைட்ஹார்ஸ் நகரத்தை அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள்.

"இப்ப குட்டி இல்ல" என்றார் வில்மா.

"இல்ல. காலையில ஃப்ரீசரைத் திறந்தா இல்ல. அது அங்க இருக்கிறது ரெண்டே பேருக்குத்தான் தெரியும். முதலாளிக்கும் எனக்கும்." சற்று நிறுத்தினாள். "என் பையைத் திறந்து காட்டச் சொன்னார், வில்மாம்மா. டீசல் கொண்டுவந்த டிரைவர் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தான். திறந்து காட்டினேன். அப்புறம் அந்தப் பையிலயே என் துணி எல்லாத்தையும் அடுக்கிட்டேன். இந்த வேனை அனுப்பிட்டுக் கிளம்பறேன்."

"கிளம்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மணி நேரம் குடு."

"உங்களுக்காகத் தரேன். மிஸ்டர் டோர்விக்குக்காக இல்ல."

ஒன்பது வருஷமாக அவரைப் பெயர் சொல்லியே கூப்பிட்டவள் அவள். அந்த 'மிஸ்டர்' காதில் விழுந்தபோது எனக்கே சுருக்கென்றது.

*

சமையல் குடிசையில் அன்செல் எங்களுக்காகக் காத்திருந்தார். அறுபத்தொரு வயது, கதவு அகலத்துக்கு உடம்பு. மனம் சரியில்லாவிட்டால் சாப்பிடுவது அவர் வழக்கம். அன்றைக்கு மனம் ரொம்பவே சரியில்லை. வாட்டிய ரொட்டியில் சிவப்பு ஜாமைத் தடவித் தடவி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"யாருக்கும் தெரியாம வந்தீங்கள்ல?" என்றார்.

"ஓடைக்குக்கூடத் தெரியாது" என்றேன்.

வில்மா வாசலிலேயே நின்று அறையைப் பார்த்தார். கதவு மூடாமல் இருக்க அதன் கீழே முட்டுக்கொடுத்திருந்தது ஒரு மாமதத்தின், அந்தக் காலத்துச் சடை யானையின், தந்தத் துண்டு. முழங்கை நீளம் இருக்கும். அலமாரியில் ஒரு காபி டப்பா, மூடி இல்லாமல். அதற்குள் அந்த வாரம் அலசி எடுத்த தங்கம், கோதுமை ரவை போலக் கிடந்தது. மூலையில் ஃப்ரீசர். பூட்டு எதிலும் இல்லை. அந்த ஓடையில் பூட்டு வாங்கியவர் யாருமில்லை.

"நேத்து எங்க இருந்தீங்க?" என்றார் வில்மா.

"நானும் அவளும் காலைலேருந்து பொழுது சாயற வரைக்கும் மேல்கரையில. மெஷின் சத்தத்துல இடி விழுந்தாலும் கேக்காது. காலையில வந்து பார்த்தேன், போயிருக்கு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. சால்மன் இருக்கு, கோழி இருக்கு, சாசேஜ் இருக்கு. பதினஞ்சு பொட்டலம் இருக்கிற ஃப்ரீசர்ல சரியா அந்த ஒண்ணை மட்டும் எடுத்திருக்கான்னா, தெரிஞ்ச ஆள்தானே எடுத்திருக்கணும்? தெரிஞ்சது எங்க ரெண்டு பேருக்குத்தான். நான் எடுக்கல."

அவர் குரல் கடைசியில் இறங்கிவிட்டது. அவளைச் சந்தேகப்படுவது அவருக்கும் வலித்தது என்பது தெரிந்தது.

நான் என் ஊகத்தை வைத்தேன். "புதன்கிழமை கல்கரியிலேருந்து ஸ்லேட்டர்னு ஒரு ஆள் வந்து பழங்கால எலும்பு, தந்தம் இருந்தா வாங்கிக்கறேன்னு ஓடை ஓடையா அலைஞ்சானே. அவன்தான். கண்ணு ரெண்டும் கிட்டக்க, பல்லு ரெண்டும் தள்ளி. அந்த முகத்தை நம்பவே முடியாது."

"முகத்தை வெச்சுப் பிடிக்கறதா இருந்தா உன்னை நான் வேலைக்கே வெச்சிருக்க மாட்டேன்" என்றார் வில்மா. "எலும்பு தேடற ஆள் இந்தக் கதவைத் தாண்டி உள்ள வரணும்னா எதைத் தாண்டணும்?"

நான் கீழே பார்த்தேன். தந்தம் அசையாமல் கதவைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"அவனா இருந்தா அதை எடுக்காம போயிருப்பானா? சாதாரணத் திருடனா இருந்தா டப்பாவுல இருக்கிற தங்கத்தை விட்டிருப்பானா? அன்செல், நேத்து மழைதானே?"

"நாள் பூரா."

"காலையில வந்தப்ப தரை எப்படி இருந்துச்சு?"

அன்செல் யோசித்தார். "சுத்தமா இருந்துச்சு. நான் கூட்டக்கூட இல்ல."

"அப்ப உங்க திருடன் வாசல்ல பூட்ஸைக் கழட்டி வெச்சுட்டு உள்ள வந்திருக்கான்."

"நல்லா வளர்த்திருக்காங்க" என்றேன்.

வில்மா சிரிக்கவில்லை. அன்செலின் கையிலிருந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஜாம் யார் போட்டது?"

"நோரீன் போட்டிருப்பா. காலையில ஃப்ரீசர் மூடி மேல இருந்துச்சு."

"ரோலி, நோரீனைக் கூப்பிடு."

வேன்காரரிடம் பார்வையாளர்களை ஒப்படைத்துவிட்டு நோரீன் வந்தாள். அன்செலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"ஜாமா? நான் வாழ்க்கையில ஜாம் போட்டதில்ல" என்றாள். "அவர் யார்கிட்டயோ வாங்கியிருப்பார்னு நினைச்சேன்."

அன்செல் மெல்லுவதை நிறுத்தினார்.

"முழுங்கிடுங்க" என்றேன். "தடயத்துல பாதி ஏற்கெனவே உங்க வயித்துலதான் இருக்கு."

வில்மா ஜாடியின் மூடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூடியில் மார்க்கர் பேனாவால் ஒரு தேதி மட்டும் எழுதியிருந்தது: ஆகஸ்ட் 7. அந்த ஏழின் இடுப்பில் குறுக்காக ஒரு சின்னக் கோடு. வில்மாவின் முகம் மெதுவாக மலர்ந்தது. தொலைந்துபோன பார்சல் கிடைத்துவிட்டால் கவுண்டருக்குப் பின்னால் அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

"திருட வந்தவன் பதிலுக்கு எதையும் வெச்சுட்டுப் போக மாட்டான்" என்றார். "வெச்சுட்டுப் போனா அவன் திருடன் இல்ல, பக்கத்து வீட்டுக்காரன். அன்செல், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்தக் கட்டியை எதுல சுத்தினீங்க?"

"கறி சுத்தற காகிதத்துல. யாராவது ஃப்ரீசரைத் திறந்தாலும் சந்தேகம் வரக்கூடாதுன்னுதான்." அந்த நிலையிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமை. "மேல பேரும் எழுதினேன். நானே எழுதினேன்."

"என்ன பேர்?"

"மூஸ் தோள்பட்டை."

மூஸ் என்பது எங்கள் பக்கத்துப் பெரிய காட்டு மான். வில்மா மூடியை ஜாடியின் மேல் திரும்ப வைத்தார்.

"இது ஆகஸ்ட் மாசம்" என்றார் வில்மா. "போன வருஷ வேட்டைக் கறி ஊர்ல யார் வீட்லயும் மிச்சமில்ல. புது வேட்டைக்கு இன்னும் நாள் இருக்கு. தங்கத்தைத் திறந்து வெச்சா இந்த ஊர்ல ஒருத்தரும் தொட மாட்டாங்க. தந்தத்தைக் கதவுக்கு முட்டுக் குடுக்கறோம். இந்த அறையில எவனும் எடுத்துக்கிட்டுப் போகக்கூடிய பொருள் ஒண்ணே ஒண்ணுதான், மூஸ் கறி. நீங்க நரிக்குட்டிக்குத் தேடித் தேடி அந்தப் பேரை வெச்சிருக்கீங்க."

நோரீன் முதல்முறையாக அன்செல் பக்கம் திரும்பினாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சரி, எடுத்தது யாரு?" என்றேன்.

"ஏழுக்கு இடுப்புக்கோடு போடறவங்க டாசன்ல ரெண்டே பேர். ஒருத்தர் சுவிஸ்காரப் பல் டாக்டர். அவர் ஜாமைக் கண்டாலே எழுந்து ஓடுவார். இன்னொருத்தி கிளெமான்ஸ் ஆர்சனோ."

அந்தப் பெயரைக் கேட்டதும் எங்கள் நாலு பேருக்கும் ஒரே நினைப்பு வந்தது. அது தங்கம் கண்டுபிடித்த நாளைக் கொண்டாடும் வார இறுதி. தீயணைப்பு நிலையக் கூடத்தில் மாலை ஐந்து மணிக்கு ஊர் விருந்து. வருஷா வருஷம் அதற்குச் சமைப்பவள் கிளெமான்ஸ். வருஷா வருஷம் அவள் அடுப்பைப் பற்றவைப்பது காலை பத்து மணிக்கு.

மணி பன்னிரண்டே கால்.

*

நாற்பது கிலோமீட்டர் சரளைப் பாதை. அன்செலின் வண்டியை நான் ஓட்டினேன். முன்சீட்டில் அன்செல் சாட்டிலைட் போனைக் காதில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடத்து போன் அடித்துக்கொண்டே இருந்தது; எடுப்பார் இல்லை. பின்சீட்டில் வில்மா. அவருக்குப் பக்கத்தில், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு நோரீன்.

"வேகமாப் போ" என்றார் அன்செல்.

"இதுக்கு மேல போனா சக்கரம் நமக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடும்" என்றேன்.

"எத்தனை டிகிரியில வேக வைப்பா?" என்று அவரே கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணாடியில் பார்க்காமலே, "நோரீன்" என்றார்.

"ரோட்டைப் பாருங்க, மிஸ்டர் டோர்விக்."

"நான் வண்டி ஓட்டல."

"பரவாயில்ல. பாருங்க."

அவர் பார்த்துக்கொண்டே வந்தார்.

கூடத்தின் பின்வாசலில் வண்டியை நிறுத்தும்போதே வாசனை அடித்தது. வெங்காயம், மிளகு, நெய்யில் வதங்கிய பூண்டு, அதற்கு மேலே நன்றாக முறுகின கறியின் வாசனை. பசியோடு இருந்தவனுக்கு அது சொர்க்கம். அன்செல் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். நோரீன் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சமையலறையில் பத்துப் பன்னிரண்டு பேர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். மிக்ஸர் இயந்திரம் கடகடவென்று ஓடியது. போன் அடித்தது ஏன் கேட்கவில்லை என்று புரிந்தது. நடுவில் கிளெமான்ஸ், ஐந்தடிக்கும் குறைவு, கையில் நீளக் கரண்டி.

"அடுப்பைத் திற" என்றாள் நோரீன்.

"இப்பத் திறந்தா சூடு போயிடும். அஞ்சு மணிக்கு எல்லாருக்கும் உண்டு, வரிசையில வா."

நோரீன் தானே திறந்தாள். உள்ளே பெரிய தட்டில் ஒரு கறித்துண்டு பொன்னிறமாகப் பொரிந்துகொண்டிருந்தது. அவள் தோள்கள் தொய்ந்தன. வில்மா குனிந்து பார்த்தார்.

"இது பன்றி" என்றார்.

"பன்றிதான்" என்றாள் கிளெமான்ஸ். "மூஸ் போடலாம்னுதான் இருந்தேன். அன்செலோட தோள்பட்டையைப் பார்த்தியா நீ? கல்லு. கத்தி இறங்கல. அந்தக் கனத்துக்கு உருகவே ரெண்டு நாள் ஆகும். ஒரு கறியை ஒழுங்கா உறைய வெக்கத் தெரியாத மனுஷன். பிரிக்கக்கூட இல்ல, அப்படியே ஐஸ்கிரீமுக்கு அடியில போட்டுட்டேன். திங்கக்கிழமை பார்த்துக்கலாம்னு."

கூடத்து ஃப்ரீசரில் வெனிலா டப்பாக்கள் ஆறையும் ஸ்ட்ராபெர்ரி நாலையும் நான்தான் வெளியே எடுத்துவைத்தேன். அடியில், அன்செலின் கோணல் எழுத்தோடு, பொட்டலம். முடிச்சுகூட அவிழவில்லை.

அன்செல் ஒரு உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். உயிர் திரும்பியதும் கோபமும் திரும்பியது.

"கேக்காம கொள்ளாம ஒருத்தர் வீட்டுக்குள்ள புகுந்து எடுத்துக்கிட்டு வரலாமா, கிளெமான்ஸ்?"

கிளெமான்ஸ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கேக்காமலா? ஜூலை மாசம் இதே கூடத்துல டான்ஸ் நடந்தப்ப என்கிட்ட யார் சொன்னது? 'விருந்துக்கு என் ஃப்ரீசர்லேருந்து எது வேணாலும் எடுத்துக்கோ, தோள்பட்டை இருந்தா அதையே எடுத்துக்கோ, நான் இருக்கேனோ இல்லையோ உள்ள போய் எடுத்துக்கோ'ன்னு யார் சொன்னது? என் கையைப் பிடிச்சுச் சத்தியம் வேற. மூணு பீர் உள்ள போயிருந்துச்சு. நான் மறக்கல, நீதான் மறந்துட்ட. என் ஜாம் எப்படி இருந்துச்சு?"

உருளைக்கிழங்கு உரித்த பத்துப் பன்னிரண்டு பேரும் கத்தியை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

"நல்லா இருந்துச்சு" என்றார் அன்செல், மிகச் சின்னக் குரலில்.

வில்மா அவர் தோளில் கை வைத்தார். "தெரிஞ்ச ஆளோட வேலைதான்னு நீங்க சொன்னது சரிதான். குட்டி அங்க இருக்கிறது தெரிஞ்ச ஆள், ஃப்ரீசர் தெரிஞ்ச ஆள், அனுமதி குடுக்கற உரிமை உள்ள ஆள். அந்த ஆள் ஒருத்தர்தான்."

அன்செல் எழுந்தார். நோரீன் முன்னால் போய் நின்றார். தொப்பியைக் கழற்றிவிட்டு அதை என்ன செய்வதென்று தெரியாமல் பிசைந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றார். "ஒன்பது வருஷத்துல ஒரு நாள்கூட நீ... அந்தப் பையைத் திறக்கச் சொன்னேனே. அதை நினைச்சா எனக்கே..."

"பையைத் திறக்கச் சொன்னப்ப டீசல் டிரைவர் நின்னான்" என்றாள் நோரீன். "இந்நேரம் ஊர் பூரா சொல்லியிருப்பான். அதனால இதையும் ஊர் பூரா கேக்கணும். இங்க, வெங்காயத்துக்கு நடுவுல சொன்னாப் போதாது."

"எங்க சொல்லணும்?"

அவள் கூடத்தின் மேடையைக் காட்டினாள். மைக் ஏற்கெனவே வைத்திருந்தது.

அன்செல் டோர்விக் மேடை ஏறி நான் பார்த்ததில்லை. தன் கல்யாணத்திலேயே அவர் வாழ்த்துரை சொல்லாமல் வாசல் வழியாக நழுவிப் போனதாகச் சொல்வார்கள். மேடையைப் பார்த்தார். நோரீனைப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்கு" என்றார்.

*

மூன்று மணி விமானத்தில் வந்த டாக்டர் லிம், கூடத்தின் பின்அறையில் குளிர்பெட்டியைத் திறந்துவைத்து, பொட்டலத்தின் ஒரு முனையை மட்டும் பிரித்தார். கறுப்பு மண்ணுக்குள்ளிருந்து ஒரு மூக்கு தெரிந்தது. ஈரமாக, இப்போதுதான் மோப்பம் பிடித்து முடித்ததுபோல. அதற்கு மேலே மடிந்த காது, அதில் பழுப்பு முடி. நான் என் அகலத் தொப்பியைக் கழற்றினேன். வில்மா அதைக் கவனித்து என் முழங்கையைத் தட்டினார்.

"கண்டுபிடிச்சவங்க பேர் என்ன எழுதணும்?" என்றார் டாக்டர் லிம்.

"நோரீன் டைட்டஸ்" என்றார் அன்செல், மற்ற யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால். "எழுத்துக்கூட்டிச் சொல்லட்டுமா?"

ஐந்து மணிக்கு அவர் மேடை ஏறினார். இருநூறு பேர் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதையும் மறைக்காமல், பையைத் திறக்கச் சொன்னதிலிருந்து மூணு பீர் வரைக்கும் சொன்னார். 'மூஸ் தோள்பட்டை' வந்த இடத்தில் கூடமே அதிர்ந்தது. கிளெமான்ஸ் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். டீசல் டிரைவர் மூன்றாவது மேசையில் தலையைக் குனிந்துகொண்டு பன்றிக்கறி தின்றான். அன்செல் கடைசியாக, "நோரீன் மேல எவனுக்காவது சந்தேகம் இருந்தா என்கிட்ட வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியில் தடுக்கி இறங்கினார்.

எங்கள் மேசையில் நோரீனுக்கு எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவர் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார், உட்காரச் சொல்லும்வரை உட்காரமாட்டேன் என்பதுபோல.

அவள் தட்டிலிருந்த உருளைக்கிழங்கைக் கவனமாகப் பாதியாக வெட்டினாள்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்கு மெஷினை எடுக்கணும்?" என்றாள், தலை நிமிராமல்.

"ஆறு மணிக்கு."

"எட்டு."

"எட்டு" என்றார் அவர்.

"உக்காருங்க, அன்செல். கறி ஆறுது."